பரணிலிருந்து விழுந்த திருநீறு

எங்கள் சாலில் யாருக்கு வயிறு சரியில்லை என்பது அந்த வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். சால் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்து அறை, அறைக்கு ஒரு குடும்பம். தாராவியில் அப்போது அதுவே நல்ல வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆணி இருக்கும். ஆணியில் ஒரு டால்டா டப்பா தொங்கும். வரிசையின் கடைசியில் இருந்த பொதுக் கக்கூசுக்கு, பம்பாயில் சொல்கிறபடி சண்டாசுக்கு, தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிற டப்பா அது. காலையில் ஒருமுறை ஆணியை விட்டு இறங்கினால் அது சுகமான வீடு. பகல் பதினொரு மணிக்கு மறுபடி இறங்கினால் யோசிக்க வேண்டிய வீடு. மத்தியானத்துக்குள் மூன்று தடவை இறங்கிவிட்டால் அந்த வாசலைக் கடக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

மற்றவர்கள் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நானும் சாமி படத்தைப் பார்ப்பேன். பார்த்துவிட்டு நேரே வெளியே வந்து பத்து ஆணியையும் பார்ப்பேன்.

இந்தப் பயம் எனக்குப் பம்பாயில்தான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் ஓர் அறை எடுத்து, ஒரே பானையில் பொங்கிச் சாப்பிட்டோம். ஒருநாள் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவன், பத்து மணிக்கு வாந்தி என்று திரும்பி வந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவன் இல்லை. அவன் சாப்பிட்ட பானையில்தான் நானும் சாப்பிட்டேன். அவன் கை போட்ட ஊறுகாயில்தான் நானும் கை போட்டேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவில்லை என்பதுதான் வினை. ஆகியிருந்தால் ஒரு நாளோடு முடிந்திருக்கும். ஆகாததால் பன்னிரண்டு வருஷமாக அடுத்த தடவைக்குக் காத்திருந்தேன்.

கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தை பிறந்து அதற்கு ஆறு வயது ஆகிவிட்டது. வீட்டில் எனக்கென்று தனி டம்ளர். நான் வேலை பார்த்தது தோல் பெட்டி செய்கிற பட்டறை. பெட்டியின் பித்தளை மூலைகளைச் சுற்றி அடிக்கிற சிவப்புப் பெயிண்டில் ஒரு சொட்டு எடுத்து வந்து அந்த டம்ளரின் அடியில் பொட்டு வைத்திருந்தேன். முனிசிபாலிடிக்காரர்கள் தந்த லால் தவா என்கிற சிவப்பு மருந்தைக் குடத்தில் கரைத்துத் தண்ணீரை ரோஸ் நிறமாக்கிவிடுவேன். காலரா ஊசி போடுகிறவர்கள் வந்தால் சாலே பின்பக்கமாக ஓடும். நான் ஒருத்தன் முன்பக்கமாக ஓடுவேன். ஒரு வருஷம் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை போட்டவரிடம் முதல் தடவையைப் பற்றிச் சொல்லவில்லை.

"பிள்ள குடிச்ச டம்ளர்ல கூட வாய் வைக்க மாட்டீயளோ?" என்று என் மனைவி கேட்பாள்.

"எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒங்களுக்கு யாரு இருக்கா? ஒங்களுக்காவத்தான் பாக்கேன்" என்பேன்.

"எங்களுக்காவ எங்ககிட்டருந்தே ஓடுதீய" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள்.

ரேஷனில் அரிசியைக் குறைத்துச் சிவப்புச் சோளம் போட்ட வருஷம் அது. ஆனி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. சாலில் டப்பாக்கள் இறங்க ஆரம்பித்தன. சோளம் சேரவில்லை என்றார்கள் பாதிப் பேர். பைப்பில் சாக்கடை கலக்கிறது என்றார்கள் மீதிப் பேர். இரண்டு கட்சியும் ஒரே சண்டாஸ் வரிசையில் நின்றுதான் வாதாடினார்கள்.

என் மச்சினன் எங்களோடு இருந்தான். என் மனைவியின் தம்பி. மாட்டுங்காவில் ஓர் ஓட்டலில் இட்லிக்கு மாவாட்டுகிற வேலை. விடியுமுன் போய்ச் சாயங்காலம் வருகிறவன், ஒருநாள் மத்தியானமே வந்தான். அன்று பட்டறைக்கு விடுமுறை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அவன் நேரே ஆணிக்குப் போனான்.

போய் வந்தான். உட்கார்ந்தான். மறுபடி போனான்.

மூன்றாவது தடவை அவன் டப்பாவை எடுத்தபோது நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

"எங்க கிளம்பிட்டீய?" என்றாள் மனைவி. தம்பிக்கு உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"கோயிலுக்கு" என்றேன். பொய் இல்லை. கோயிலுக்குத்தான் போனேன்.

எங்கள் ஊர்க்காரர்கள் கூடி, மழை ஒழுகாத ஒரு கொட்டகை போட்டு அம்மன் வைத்திருந்தோம். ஆடியில் கொடைத் திருவிழா நடக்கும். கொடைக்கு எட்டு நாள் முன்னால் கால் நாட்டி, நேர்ந்துகொண்ட ஆண்களுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நனைத்த நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்து வலது மணிக்கட்டில் கட்டுவது. கட்டிவிட்டால் அவன் அம்மனுக்கு உரியவன். தனிப் பாத்திரம், தனிப் பாய், ஒரு வேளைச் சாப்பாடு. அவனை யாரும் தொடக் கூடாது, அவனும் யாரையும் தொடக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாராவிக்கு எல்லை எது என்று ஒரு காலத்தில் பெரிய சண்டை நடந்து, கிழக்கே சயான் ரயில் பாலம், மேற்கே மாஹிம் பக்கத்து உப்பங்கழி என்று பூசாரி தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

தனிப் பாத்திரம், தனிப் பாய், தொடக் கூடாது. நான் பன்னிரண்டு வருஷமாகக் கெஞ்சியும் சண்டை போட்டும் வீட்டில் கிடைக்காதது, ஒரு முழம் நூலில் கிடைக்கும். இது எனக்கு எப்படி இத்தனை நாள் தோன்றாமல் போயிற்று என்று நடந்துகொண்டே வியந்தேன்.

பூசாரி தோல் ஷாப்பில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர். அப்போதுதான் தூங்கி எழுந்து கொட்டகையில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, எனக்குக் காப்புக் கட்டணும்" என்றேன்.

"கட்டிருவோம். கொடைக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்கே வே."

"இன்னைக்கே கட்டணும்."

அவர் பீடியைக் கீழே போட்டார். என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன கண்டாரோ, குரலைத் தாழ்த்தி, "கனவுல வந்தாளா?" என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். ஆத்தாவின் முன்னால் நின்று நான் செய்த பிழை அது. அவள் பெரிய மனசுக்காரி என்கிற தைரியத்தில்தான் அதை இங்கே எழுதுகிறேன்.

சாயங்காலம் கையில் காப்போடும் இடுப்பில் மஞ்சள் வேட்டியோடும் வீட்டுக்கு வந்தேன். எங்கள் அறையில் பாதி அகலத்துக்குப் பலகை அடித்து ஒரு பரண் உண்டு. ஏணி வைத்து ஏற வேண்டும். பழைய பாத்திரங்களையும் கரி மூட்டையையும் கீழே இறக்கிவிட்டு என் பாய், என் டம்ளர், திருநீறு வைத்த ஓர் ஓலை மடல், ஒரு கற்பூர டப்பா எல்லாவற்றோடும் மேலே ஏறினேன்.

மனைவி கீழே இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். மூலையில் அவள் தம்பி சுருண்டு கிடந்தான். பக்கத்தில் வாளி.

"கொடைக்கு எட்டு நாள்தான விரதம்?" என்றாள்.

"ஆத்தா உத்தரவு."

"எம் தம்பி மூணாவது தடவ போனப்பயா உத்தரவு வந்திச்சு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விரதக்காரன் வாதாடக் கூடாது.

சுருண்டு கிடந்தவன் கண் திறந்து மேலே பார்த்தான். "அத்தான், பால்கனி டிக்கெட் எம்புட்டு?" என்றான். அந்த நிலையிலும் அவனுக்கு வாய் மட்டும் சுகமாக இருந்தது.

இரண்டு மூன்று நாள் ராஜ போகமாகப் போயிற்று. மனைவி தலைக்குக் குளித்துவிட்டுத் தனியாகச் சமைத்து, சோற்றை ஒரு கூடையில் வைப்பாள். நான் கயிற்றால் இழுத்துக்கொள்வேன். கூடை மேலே வரும்போது, அதற்குள் மகள் ஒரு தடவை காகிதத்தில் பூ வரைந்து போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அது யார் கை பட்ட காகிதம் என்று யோசித்து, விரல் நுனியில் பிடித்துப் பலகை இடுக்கில் சொருகினேன். கீழேயிருந்து மகள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

பட்டறைக்குப் போகும்போது சாலில் எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பைப்படியில் என் குடத்துக்கு முதல் இடம். காப்புக்காரன் என்பதால் சண்டாசில் கூட வரிசை விலகியது. மச்சினன் நாலாம் நாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டான். இனி கொடை வரைக்கும் என்னை ஒன்றும் தொடாது என்று தோன்றியது. ஆத்தாவுக்கு நன்றி சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன்.

ஐந்தாம் நாள் பக்கத்து அறைக்காரி தன் பையனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். பையன் துவண்டு அவள் தோளில் கிடந்தான்.

"மைனி, அண்ணாச்சிய இவனுக்குத் திருநீறு போடச் சொல்லுங்க. காலைலருந்து எட்டுத் தடவ போயிட்டான்."

எட்டு என்ற எண் பரணில் எனக்குக் கேட்டது.

"டாக்டர்ட்ட காட்டலாம்லா?" என்றேன் மேலேயிருந்து.

"காட்டிட்டேன் அண்ணாச்சி. மருந்தும் குடுத்தாவ. இருந்தாலும் ஆத்தா ஒங்க கனவுல வந்து, இந்தச் சீக்க நான் நிறுத்துதேன், நீ காப்புக் கட்டுன்னு சொன்னாளாம்லா. பூசாரி சொன்னாவ."

நான் குனிந்த தலையிலிருந்து பூசாரி இத்தனையும் எடுத்திருந்தார்.

இறங்கிப் போய் அந்தப் பையனின் நெற்றியில் பூச வேண்டும். அதுதான் முறை. நான் பையனைப் பார்த்தேன். உதட்டோரம் காய்ந்திருந்தது. ஏணியைப் பார்த்தேன். என் கால் எழவில்லை. மடலில் ஒரு சிட்டிகை எடுத்து, பலகை விளிம்பில் கவிழ்ந்து, "தள்ளி நில்லு. ஆத்தா பாத்துக்கிடுவா" என்று சொல்லிக் கீழே போட்டேன். பாதி அவன் மேல் விழுந்தது. பாதி என் மனைவியின் அடுப்பில் விழுந்தது.

"மேலருந்தே போடுதாவ" என்று பக்கத்து அறைக்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் கண்ணில் நீர். "விரதம் அவ்வளவு கடுசு போல."

பையன் மறுநாள் எழுந்து கோலி விளையாடினான். டாக்டர் கொடுத்த மருந்தாக இருக்கும். அவன் தாய் கொடுத்த கஞ்சியாகவும் இருக்கும். ஆத்தாவாக இருந்தால் அது என்னால் இல்லை, என்னை மீறி. ஆனால் பரணிலிருந்து போடுகிற திருநீற்றுக்குத்தான் சீக்கு கேட்கிறது என்று தாராவி முழுக்கப் பரவிவிட்டது.

அதற்குப் பிறகு வந்தார்கள் பாருங்கள். காலையில் பட்டறைக்குக் கிளம்புமுன் பத்துப் பேர், சாயங்காலம் திரும்பியதும் இருபது பேர். டப்பாவைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். குயவர் தெருவிலிருந்து குஜராத்திக்காரர்கள் வந்தார்கள். ஒரு மராட்டிக்கார அம்மாள் "பாபா, பாபா" என்று கூப்பிட்டுக் குழந்தையை மேலே தூக்கிக் காட்டினாள். அது என்னைப் பார்த்ததும் வாந்தி எடுத்தது. தாராவியில் வயிறு கெட்டவர் எத்தனை பேரோ, அத்தனை பேரும் என் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒருமுறையாவது உட்கார்ந்து எழுந்தார்கள். எதற்குப் பயந்து நான் மேலே ஏறினேனோ, அது ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு என் ஏணிக்குக் கீழே வந்து வரிசையில் நின்றது.

நான் மூக்கில் கற்பூரத் துணியைக் கட்டிக்கொண்டேன். அதையும் விரதத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வாய் கட்டிப் பூசை என்றார்கள்.

கூட்டம் கலைந்ததும் மனைவி தரையைக் கழுவுவாள். பினாயில் வாளியோடு முழங்காலில் நகர்ந்து ஏணிக்கு அடியில் வரும்போது நிமிர்ந்து பார்ப்பாள். என்னைச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

"சாமி, இன்னைக்கு எத்தன பேரு?"

"வராதீகன்னு எப்படிச் சொல்ல?"

"உள்ளதச் சொல்லலாம்லா. பயமா இருக்குன்னு சொல்லுங்க. ஊர்க்காரங்ககிட்ட வேண்டாம், எங்கிட்டயாவது சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை சிரித்திருப்பாள், நான் இறங்கியிருப்பேன், அதற்குப் பிறகு நடந்தது நடந்திருக்காது. மடலில் திருநீறு இருக்கிறதா என்று பார்ப்பது போலக் குனிந்துகொண்டேன்.

கொடைக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவளே சீக்கில் விழுந்தாள். அன்று முழுக்க எங்கள் ஆணி காலியாகவே இருந்தது. மச்சினன் ஓட்டலுக்கு லீவு சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துக்கொண்டான். நான் பரணில் உட்கார்ந்து ஆத்தா, ஆத்தா என்று ஜபித்தேன். அது உண்மையான ஜபம். ஆனால் ஜபித்தவன் ஏணியில் ஒரு படி கூட இறங்கவில்லை.

மறுநாள் விடிந்து பால்காரன் மணி கேட்டது. மச்சினன் வேலைக்குப் போய்விட்டிருந்தான். இரண்டாவது நாளும் வராவிட்டால் ஓட்டலில் ஆளை மாற்றிவிடுவார்கள். கீழே ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். மகள் வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். மனைவி எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் சுவரோடு சாய்ந்திருந்தாள். பிள்ளைக்கு வாந்தி நின்றது. நின்றதும் அது தரையில் அப்படியே படுத்துவிட்டது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. கண் குழிந்துபோய் இருந்தது. அந்தக் குழிந்த கண்ணை நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு சாயங்காலம், பார்த்திருக்கிறேன்.

"இறங்குங்க" என்றாள் மனைவி. சாமி என்று சொல்லவில்லை.

"காப்பு இருக்கே" என்றேன். என் வாய்தான் சொல்லிற்று. எனக்கே அந்தக் குரல் கேட்கக் கேவலமாக இருந்தது.

"காப்பு கையிலதான கட்டிருக்கு? காலுக்கு என்ன?"

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஏணியில் ஐந்து படி. பிள்ளையைத் தூக்கியபோது அது ஈரத்துணி போல என் தோளில் விழுந்தது. மஞ்சள் வேட்டியோடு மழையில் ஓடினேன். பெரிய ஆஸ்பத்திரி சயான் பாலத்துக்கு அந்தப் பக்கம். வழியில் பிள்ளை என் கழுத்தில் வாந்தி எடுத்தது. வெறும் தண்ணீர். சூடாகக் கழுத்தில் வழிந்து, அதன் முதுகைத் தாங்கிக்கொண்டிருந்த கையின் காப்பு வரைக்கும் நனைத்தது. அந்த வினாடி நான் பயப்பட்டேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயப்பட்டேன். பயந்துகொண்டேதான் ஓடினேன். ஓடுகிறவனுக்குப் பயம் ஒரு தடை இல்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பாலத்தின் ஏற்றத்தில் பூசாரி ஷிப்ட் முடிந்து குடையோடு வந்துகொண்டிருந்தார். காப்புக் கட்டிய கையைப் பார்த்தார். பாலத்தைப் பார்த்தார். எல்லை அவர் வைத்தது.

"அண்ணாச்சி, கனவே வரல" என்றேன். மூச்சு வாங்கியது. "பொய். வயித்துச் சீக்குக்குப் பயந்து கட்டினேன்."

அவர் குடையை விரித்துப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்தார். "நடயும் வே. நின்னு கதை சொல்லாதீரும்" என்று என்னோடு திரும்பி நடந்தார்.

பாலத்தின் நடுவில் அவராகவே பேசினார். "இங்க காப்புக் கட்டுதவன்ல பாதிப் பேரு குடிய நிறுத்த முடியாமக் கட்டுதான். இன்னும் கொஞ்சம் பேரு பொண்டாட்டிக்குப் பயந்து கட்டுதான். எட்டு நாளாவது வீட்டுல நிம்மதின்னு. ஓம்மள மாதிரி பேதிக்குக் கட்டினவன இப்பத்தான் பாக்கேன்."

"ஆத்தா என்ன நினைப்பா?"

"அவளுக்கு இதெல்லாம் புதுசா?" என்றார். "கனவுன்னு நானால்லா எடுத்துக் குடுத்தேன். அதனால என் கணக்குலயும் கொஞ்சம் எழுதிக்கிடுவா."

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கட்டிலில் போட்டு, காலில் ஊசி குத்தி, பாட்டில் தண்ணீர் ஏற்றினார்கள். நர்ஸ் ஒரு மலையாளப் பெண். என்னை மேலும் கீழும் பார்த்து, குழாயைக் காட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னாள். கழுவினேன். அதற்கு மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள். வாந்தியில் ஊறி, நூல் மஞ்சளும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் இருந்தது. டிரேயிலிருந்து கத்தரியை எடுத்தாள். கத்தரித்து வாளியில் போட்டாள்.

தலையில் ஏதாவது விழும் என்று நான் ஒரு நிமிஷம் காத்திருந்தேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்று நாள் எல்லைக்கு வெளியே, அந்தக் கட்டிலின் பக்கத்தில் தரையில் கிடந்தேன். வார்டு முழுக்க அதே சீக்கு. வாளி எடுத்தேன், துணி அலசினேன். இரண்டாம் நாள் பிள்ளை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. வெகு நேரம் பார்த்தது.

"அப்பா, நீங்க கீழ இருக்கீய" என்றது.

கொடைக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தோம். பக்கத்து அறைக்காரி பார்த்துக்கொண்டதில் மனைவி தேறியிருந்தாள். கொடையன்று காலையில், நையாண்டி மேளம் கொட்டகையிலிருந்து கிளம்புகிற நேரத்தில், என் வயிற்றில் ஒரு பிடி பிடித்தது.

பன்னிரண்டு வருஷமாக எதிர்பார்த்த விருந்தாளி வந்துவிட்டார். டப்பாவைத் தேடினேன், ஆணியிலிருந்து எடுத்து நீட்டியவன் மச்சினன். கொடைக்காக லீவில் இருந்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"ரெண்டு" என்றான், நான் திரும்பி வந்தபோது.

"ஏல, சும்மா இரி."

"நீங்க எனக்கு எண்ணலயா, அத்தான்? மூணுல சட்டைய மாட்டினீய. நான் ஏழு வரைக்கும் இருப்பேன்."

இருந்தான். ஏழுக்குப் பிறகும் இருந்தான். தூக்கிவிட ஆள் வேண்டியிருந்தது, அவன்தான் தூக்கிவிட்டான். என் மனைவி கஞ்சித் தண்ணீரைச் சிவப்புப் பொட்டு டம்ளரில் ஊற்றிக் கொண்டுவந்தாள். ஊதி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து, பிறகு என்னிடம் கொடுத்தாள். நான் அந்த டம்ளரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். குடித்துவிட்டேன்.

செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். வெளியே குலவைச் சத்தம் கேட்டது. ஆத்தா வீதியில் வருகிறாள். எழுந்து கும்பிட முடியாமல் பாயில் கிடந்தபடி கையை மட்டும் குவித்தேன். நான் சொல்லாத கனவில் ஆத்தா உண்மையாகவே வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தோன்றியது. 'இறங்குலே' என்று ஒரே சொல்தான் சொல்லியிருப்பாள். அதைச் சொல்ல அவள் கனவு வரைக்கும் வர வேண்டியதில்லை. என் வீட்டிலேயே ஓர் ஆள் ஒரு மாசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

மேலே பலகை கிறீச்சிட்டது. எப்போது ஏறினாளோ, மகள் பரணில் இருந்தாள். என் மடல் அங்கேயே கிடந்திருக்கிறது. விளிம்பில் கவிழ்ந்து, என் துண்டை மூக்குக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை இல்லை, ஒரு கை நிறைய அள்ளினாள்.

"தள்ளி நில்லு" என்றாள் கனத்த குரலில். "ஆத்தா பாத்துக்கிடுவா."

அத்தனையும் என் முகத்தில் விழுந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் திருநீறு. மச்சினன் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தான். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏட்டி, அப்பா எங்கட்டி தள்ளி நிக்க? படுத்துல்லா கெடக்காவ. இறங்கி வந்து பூசு."

"அப்பா இறங்கலல்லா" என்றது மேலேயிருந்து.

சிரிப்பு நின்றது. மேளம் எங்கள் சால் வரிசையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. நான் வாயிலிருந்த திருநீற்றை விழுங்கினேன். மனைவிதான் பேசினாள்.

"இறங்கினாவட்டி. ஒன்னத் தூக்க இறங்கினாவ. ஒனக்குக் கண்ணு மூடியிருந்திச்சு, நீ பாக்கல. நான் பாத்தேன்."

பிள்ளை திரும்பி, வயிற்றைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, ஒரு காலை நீட்டிப் படியைத் தேடியது. ஐந்து படியையும் அது இறங்கி முடிக்கும் வரை நான் மூச்சு விடவில்லை. ஏணியின் அடியில் பினாயில் வாளி இருந்தது. அதன் விளிம்பில் ஒரு கையை ஊன்றிச் சமாளித்துக்கொண்டு என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தது. மூக்குத் துண்டை அவிழ்த்தது. நாக்கில் கட்டைவிரலைத் தொட்டு, திருநீற்றில் வைத்து, என் நெற்றியில் நிதானமாக, ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரைக்கும் பூசியது.

அந்தக் கையைக் கழுவினாயா என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.